நடுவில் வெட்டிய பீம்

இருபத்துநாலடி இரும்பு பீமை நட்டநடுவில் வெட்டி, திரும்ப ஒட்டி, ஒரு பெண்மணி குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஏற்றிவிட்டோம். தப்பு. வெட்டியவன் என் ஆள். அதனால் வெட்டியது நான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம். மரம் உளுத்தால் பொடி கொட்டும், சுவர் தளர்ந்தால் விரிசல் விடும். இரும்புக்குப் பெயிண்ட் அடித்துவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே நிறம். வீட்டில் ஒரு சுவரை எடுக்க ஆள் வைத்துவிட்டு, அன்றிலிருந்து கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்களா? உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

படுக்க வை

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கு. முதலாளி ஹாஜியார் அதைக் காபிக்கடை ஆக்கக் கிளம்பினார். நடுவில் ஒரு வெட்டுக்கல் சுவர் மறித்தது. எடுக்கணும் என்றார். அந்தச் சுவர்மேல்தான் மாடி நிற்கிறது. மாடியில் நபீசா. தையல்காரி, தனி ஆள், பல வருஷக் குடித்தனம். ஜாக்கி கொடுத்து மாடியைத் தாங்கிக்கொண்டு, சுவரை எடுத்துப் பீம் ஏற்றுகிறேன், நீ மெஷினை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

ஹாஜியாருக்குப் பீமின் உயரம் பிடிக்கவில்லை. படுக்க வைத்தால் தலைக்குமேல் இடம் மிச்சம், பார்க்க அகலமாகவும் இருக்கும் என்றார். பேசிப் பயனில்லை. நபீசாவின் இரும்பு ஸ்கேலை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். தட்டையாக வைத்து அமுக்கச் சொன்னேன், வளைந்தது. விளிம்பில் நிறுத்தி அமுக்கச் சொன்னேன். அசையவில்லை, அவர் விரல்தான் சிவந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தா அண்ணாச்சி, இந்தச் சின்னக் காரியத்துக்கா பிள்ளைங்க நாலு வருஷம் என்ஜினீயரிங் படிக்குது?"

நூல்கண்டு

பீம் வந்த அன்று நான் களமசேரியில் இன்னொரு வேலை பார்க்கப் போயிருந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் பீம் மேலே ஏறி, சிவப்புப் பெயிண்டும் அடித்தாகிவிட்டது. இரண்டு முனைக்கும் கான்கிரீட் திண்டு போட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். அது சரியாக இருந்தது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். நேர். ஜாக்கியைத் தளர்த்தச் சொன்னேன். பெயிண்டைச் சுரண்டிப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிஷச் சோம்பல் என்னுடையது.

ரெண்டு நாள் கழித்து நபீசா இறங்கி வந்தாள். கையில் நூல்கண்டு. என்னை மாடிக்குக் கூட்டிப்போய் அதைத் தரையில், சுவரோரமாக வைத்தாள். அது உருண்டு அறையின் நடுவுக்குப் போய் நின்றது. இன்னொன்று எதிர்ச்சுவரோரம். அதுவும் அங்கேயே போனது. தரை அரை இஞ்ச் உட்கார்ந்திருந்தது. கீழே ஓடி எல்லா ஜாக்கியையும் திரும்ப முறுக்கினோம். மேலே ஜன்னலிலிருந்து அவள் குரல் கேட்டது.

"பதறாதீங்க அண்ணாச்சி, ரெண்டு நாளா நான் இதுமேலதான் உறங்கினேன்!"

சம பங்கு

பெயிண்டைச் சுரண்டினேன். நட்டநடுவில் வெல்டிங் தழும்பு. பாரம் பீமை அதிகமாக வளைப்பது நடுவில்தான். ஒட்டே கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். வெல்டர் முருகேசனைக் கூப்பிட்டேன். தென்காசியிலிருந்து என்னோடு வந்தவன், பதினைந்து வருஷம் என்னிடம் இருப்பவன்.

பீம் வந்த அன்று நடந்ததைச் சொன்னான். கிடங்குக்கு வரும் சந்தில் முழங்கை மாதிரி ஒரு திருப்பம். சந்தின் அகலத்தை அளந்த நான் திருப்பத்தை அளக்கவில்லை. பீம் அதில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் எட்டுப் பேர் தோளில் இரும்போடு நின்று கத்தினார்கள். முருகேசன் கட்டரை எடுத்துவிட்டான். வெட்டினாய் சரி, ஓரமாக வெட்டக் கூடாதா, ஏன்டா அளந்து வைத்து நடுவில் வெட்டினாய் என்று கேட்டேன்.

"ரெண்டு துண்டும் ஒரே கனமா இல்லேன்னா தொட மாட்டோம்னு சேட்டன்மாரு சொல்லிட்டாங்க, அண்ணாச்சி. நாலு பேருக்கு ஒரு துண்டு. நியாயம்தானே?"

படி

ஹாஜியாருக்கு இது வசதியாகப் போயிற்று. ஆபத்தான மாடி, நபீசாவைச் சுள்ளிக்கல்லில் அவள் அக்கா வீட்டுக்குப் போகச் சொல்லு, வேலை முடிந்ததும் வரட்டும் என்றார். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? காபிக்கடைக்கு மாடியும் கிடைத்தால் அவருக்குக் கசக்குமா?

நான் முடியாது என்றேன். ஜாக்கி தாங்குகிறது, அதற்கு நான் ஜவாப்தாரி. ஆனாலும் அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனேன். ஜாக்கெட்டுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினை நிறுத்தவில்லை.

"இறங்குறது எளுப்பம் அண்ணாச்சி. திரும்பி வரும்போது எனக்குப் படி இருக்குமா?"

பின்கதவு

கலூரிலிருந்து வந்த என்ஜினீயரம்மா ஒட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள். மேலே இரும்புப் பட்டி வைத்து ஒட்டிப் பிழைக்க வைக்கும் சமாசாரமில்லை, முழுப் பீம் புதிதாக வேண்டும் என்றாள். வாங்கிவிடலாம். எப்படி உள்ளே கொண்டுவருவது? அதே சந்து, அதே முழங்கை. சந்துச் சுவரை இடிக்க அடுத்த வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. கூரை ஓட்டைப் பிரித்து கிரேனில் இறக்கலாம் என்றால் கிரேன் நிற்க இடமில்லை. நான், ஹாஜியார், என்ஜினீயரம்மா மூன்று பேரும் கிடங்கில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். மேலேயிருந்து நபீசா பின்சுவரை எட்டிப் பார்க்கச் சொன்னாள். ஹாஜியாரின் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு கதவு. திறந்தால் காயல்.

வஞ்சிப் படகுக்காரனை அவளே பேசி வைத்தாள். தண்ணீர் எப்போது ஏறும், வஞ்சி எப்போது கதவுப் படிக்குச் சமமாக நிற்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்; தினம் பார்க்கிற ஜன்னல். சொன்ன நேரத்துக்கு வஞ்சி வந்தது. பைப்பை உருளையாகப் போட்டுத் தள்ளினோம். இருபத்துநாலடி ஒரே இரும்பு, ஒரு கீறல் இல்லாமல் நேரே உள்ளே வந்தது. சாயங்காலத்துக்குள் பழையதை இறக்கி இதை ஏற்றி, மறுநாள் ஜாக்கியை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தரை அசையவில்லை. இப்படி ஒரு வழி இருப்பதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நபீசாவிடம் கேட்டேன்.

"சந்தை அளக்க வந்தப்போ என்கிட்டே ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நாற்பது வருஷம் இரும்போடு மாரடித்தவன் நான், கணக்குப் போட்டவள் என்ஜினீயரம்மா, தோள் கொடுத்தவர்கள் எட்டுப் பேர், ஆனால் அந்த மாடியை நிறுத்தியவள் நபீசா.