நாற்காலிக்கு ஆள் பிடித்தவள்

கூட்டம் நடத்துகிற தொழிலில் பேச்சாளரைப் பிடிப்பது சுலபம், கேட்பவரைப் பிடிப்பதற்குள்தான் உயிர் போய்விடும். நாற்காலிகளைப் போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். புத்தக வெளியீடோ, குடியிருப்போர் சங்கமோ, பிள்ளையின் பிறந்த நாளோ, அந்த அவஸ்தை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உங்களுக்குப் புரியும் என்கிற தைரியத்தில்தான் என் வெட்கக்கேட்டை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மாமல்லபுரத்தில் கடற்கரையை ஒட்டிய பொதுக் கலைக்கூடம் ஒன்றில் நான் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். சனிக்கிழமைதோறும் ஓர் உரை, ஒரு படம், ஒரு நடனம், அல்லது ஓவியங்களைச் சுற்றிக் காட்டுவது, இப்படி ஏதாவது நடத்த வேண்டும். ஊருக்கு வருகிறவர்கள் ரதம் பார்ப்பார்கள், கடலில் கால் நனைப்பார்கள், மீன் வறுவல் தின்பார்கள், பஸ் ஏறிவிடுவார்கள். எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். ஆண்டு விழாவுக்குள் கூட்டம் சேராவிட்டால் சனிக்கிழமை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு ஹாலைக் கடைகளுக்கு வாடகைக்கு விடப்போவதாக இயக்குநர் மேடம் சொல்லிவிட்டார். அத்தோடு என் வேலையும் காலி. சென்னையில் இருக்கிற அவருக்கு நான் அனுப்புகிற போட்டோதான் சாட்சி. அதனால் போட்டோவில் தலைகள் தெரிந்தாக வேண்டும்.

ஏசி வீணாகிறது

நிறங்களைப் பற்றி ஒரு பேராசிரியர் பேசினார். கேட்க வந்தவர்கள் முக்கால்வாசி வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பித்தார்கள். காவலாளி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, ஏசி வீணாகிறது, கதவை வெளியே தாழ்ப்பாள் போடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டார்.

அச்சரப்பாக்கம் பக்கமிருந்து குடும்பத்தோடு கடல் பார்க்க வந்த ஒரு விவசாயி உள்ளே மாட்டிக்கொண்டார். எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் போட்டோ எடுக்கிற மும்முரத்தில் கவனிக்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். கடைசியில் அவர் கையைத் தூக்கினார். கேள்வி கேட்கப் போகிறார் என்று பேராசிரியருக்கு முகமெல்லாம் மலர்ச்சி, மைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தவள் நான்தான். அவர் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "சார், நீங்க பேசறது நல்லாத்தான் கீது. கதவ மட்டும் தொறந்து வுடச் சொல்லுங்க, சின்னவ ஒண்ணுக்குப் போவணும்னு அழுவுறா."

பின்னால் வந்தவர்கள்

சுற்றிக் காட்டும்போது நான் ஆட்களைப் பார்க்கமாட்டேன், ஓவியத்தைத்தான் பார்த்துப் பேசுவேன். கொட்டாவி விடுகிற முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு மதுராந்தகத்திலிருந்து கல்லூரி மாணவிகள் வந்திருந்தார்கள். கோடு, வெளி, மௌனம் என்று விளாசிக்கொண்டே அறை அறையாக நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் குறையவே இல்லை. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

கடைசி அறையில் திரும்பிப் பார்த்தால் மாணவிகளில் ஒருத்தியைக்கூடக் காணோம். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு கல்யாண கோஷ்டி நின்றுகொண்டிருந்தது, இடுப்பில் குழந்தைகள் வேறு. மாணவிகள் எந்த அறையில் கழன்றுகொண்டார்களோ தெரியாது. நான் அசடு வழிய, ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன். முன்னால் நின்ற அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வெளிய போற வழிய நீ காட்டுவேன்னுதான் உன் பின்னாலயே வந்துகினு கீறோம்மா."

இலவசப் படம்

இதில் பழி முழுக்க என்னுடையது. ஒரு ஆவணப்படம் திரையிட வேண்டியிருந்தது. கடல் அலையைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. வசனம் இல்லை, பாட்டு இல்லை, ஆள் இல்லை. உள்ளதை எழுதினால் ஈ காக்கை வராது என்று தெரியும். அதனால் வாசல் பலகையில் 'இன்று மாலை திரைப்படம், அனைவரும் வருக, அனுமதி இலவசம்' என்று மட்டும் பெரிய எழுத்தில் எழுதினேன்.

ஆட்டோ ஸ்டாண்டு மொத்தமும் வந்துவிட்டது. மீனவர் குப்பத்திலிருந்து குழந்தை குட்டிகளோடு, முறுக்குப் பொட்டலத்தோடு வந்தார்கள். ஹால் நிரம்பி வழிந்தது. நான் போட்டோவாக எடுத்துத் தள்ளினேன். விளக்கை அணைத்தோம், அலை வந்தது. அப்புறம் இன்னொரு அலை வந்தது. கூச்சல் போடுவார்கள், எழுந்து போவார்கள் என்று பயந்தேன். ஒருவரும் அசையவில்லை. இனிமேல்தான் கதை வரும் என்று கடைசி வரைக்கும் என்னை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. விளக்கு எரிந்ததும் ஒரு மீனவர் தோள் துண்டை உதறிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டார்: "இத்தப் பாக்கறதுக்கா கடலுக்கு முதுகக் காட்டிகினு ஒக்காந்திருந்தோம்?"

துப்பட்டா

எனக்கு நிரந்தரமாகக் கிடைத்த ரசிகர் நூர்ஜஹான் அக்கா ஒருவர்தான். புதுப்பட்டினத்திலிருந்து நைட்டி, துப்பட்டா மூட்டைகளோடு வந்து மாமல்லபுரத்துக் கடைகளுக்குப் போடுகிறவர். திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக எங்கள் வாசலுக்கு எதிரே வெயிலில் நிற்பார். ஒரு சனிக்கிழமை நாற்காலிகள் காலியாகக் கிடந்தபோது, உள்ளே வாங்க அக்கா, உட்காருங்க என்று கூப்பிட்டேன். அதிலிருந்து வாராவாரம் வந்தார்.

புத்தி அங்கேயாவது நின்றிருக்கலாம். இருக்கிறவர்களை இடது பக்கம் உட்காரவைத்து ஒரு போட்டோ, வலது பக்கம் மாற்றி இன்னொரு போட்டோ என்று ஆரம்பித்தேன். அப்புறம் அக்காவின் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துப்பட்டா மாற்றிப் போட்டு எடுத்தேன். கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. அக்கா எதற்கென்று கேட்கவில்லை. துணியை மடித்துத் திரும்ப மூட்டைக்குள் வைத்துக்கொள்வார். எத்தனை துப்பட்டா மாற்றினாலும் முகம் ஒன்றுதானே. மேடம் போன் செய்தார்: "வளர்மதி, எல்லாப் போட்டோவுலயும் ஒரு அம்மா இருக்காங்களே, அவங்கதான் உண்மையான ரசிகை. ஆண்டு விழாவுல பொன்னாடை போத்தி, அவங்கள ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுங்க."

பொன்னாடை

விழாவில்தான் ஹாலின் தலையெழுத்தை மேடம் அறிவிப்பதாக இருந்தது. அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ஓவியம் என்றால் உயிர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார்.

தான் பஸ்ஸுக்காக வந்து உட்காருகிறவள் என்றுதான் ஆரம்பித்தார். படங்கள் தலையா காலா என்று தெரியாது, பேச்சு கேட்டால் தூக்கம் வரும் என்றார். சபை சிரித்தது, மேடம் சிரிக்கவில்லை. "இந்தப் பொண்ணு எங்கள எடம் மாத்தி எடம் மாத்தி ஒக்கார வெக்கும், மூட்டையத் தொறக்கச் சொல்லி" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். அந்த நிமிடம் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. அவர் அந்தப் பேச்சை அப்படியே விட்டார். இத்தனை வருடமாக மூட்டை தூக்குகிறேன், எந்தக் கடையிலும் படிக்கட்டில் நிற்கவைத்துத்தான் கணக்குப் பேசுவார்கள், உள்ளே வந்து உட்காரச் சொன்னவள் இவள் ஒருத்திதான் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

கைதட்டல் அடங்கவே இல்லை. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சனிக்கிழமை நிகழ்ச்சிகள் தொடரும் என்று அறிவித்தார். ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்கு உடம்பு கூசியது. அந்த 'உட்காருங்க'வை நான் யாருக்காகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியுமே.

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் அக்காவோடு போனேன். போட்டோவுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன் அக்கா, மன்னித்துவிடுங்கள் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. அவர் படியில் ஏறி, என்னிடமிருந்து மூட்டையை வாங்கிக்கொண்டு குனிந்து சொன்னார்: "அது எனக்குத் தெரியாதா கண்ணு? போட்டோவுக்குக்கூட வேற எவனும் என்னக் கூப்டலயே."

இப்போதும் எங்கள் ஹாலில் பாதி நாற்காலி காலிதான், ஆனால் தாழ்ப்பாளை ஏகாம்பரம் கழற்றிவிட்டார், நானும் வாசலில் நின்று, உட்காருகிறவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, போகிறவர்களுக்குப் பஸ் நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.