அவன் எதுல இருக்கான்?

தூத்துக்குடியில் என் விளம்பரக் கடைக்கு ஒரு கணக்கு டீச்சர் வந்தார். பேசுமுன் போன் திரையை முந்தானையால் துடைத்துக்கொள்வார். அவர் உருவாக்கிய கணக்கு ஆப்பைக் கூட்டாளி தன் பெயரில் விற்றுவிட்டானாம். இப்போது புதிதாக ஒன்று செய்திருந்தார்.

“அம்மாமார் வாட்ஸ்அப்ல இருக்காங்க, கப்பலுக்குப் போன அப்பாமார் பேஸ்புக்ல. விளம்பரத்த எதுல போடட்டும்?” என்றேன்.

“அவன் எதுல இருக்கான், அண்ணாச்சி?”

தேடிப் பார்த்தேன். “லிங்க்ட்இன்ல மட்டும்தான். பிள்ளைக்கு ஆப் வாங்க அங்கன யாரு வாரா?”

“அங்கனயே போடுங்க. என் மூஞ்சி பெருசாத் தெரியணும்.”

ஒன்றுகூட விற்கவில்லை. ஒரு மாதம் கழித்து வந்தவர், திரையைத் துடைத்து என்னிடம் நீட்டினார். என் போனில் திறக்கும் அவன் பக்கம் அவர் போனில் திறக்கவில்லை. பிளாக் செய்திருந்தான்.

“பாத்துட்டாம்லா!” என்று மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். அத்தனை மனநிறைவோடு ஒரு வாடிக்கையாளரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.