கல்லுக்கு நடுவே முளைத்த கரும்பு

மனைக்கல் நடும் வேலையில் யாரிடமும் நல்ல பெயர் கிடைக்காது: குழி ஆழமானால் நேரமாகிறது என்று தரகர் கத்துவார், மேலாக நட்டால் மாடு முட்டிச் சாய்த்துவிடும். கடப்பாரை பிடித்துக் கை காய்த்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வாய்க்கால்மேல் பாதை

சங்கராபுரம் பக்கம் ஒரு வயலில் கல் நடக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் என் சித்தப்பா மகன் ஏழுமலையின் வயல். கரும்பை வெட்டி, காய்ந்த சோகையைக் கொளுத்தி, மனை போடக் கொடுத்திருந்தான். மகள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை விட்டவன் அவன். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

என் அரை ஏக்கர் கரும்புக்குத் தண்ணீர் அவன் வயல் வழியாகத்தான் வரும். தரகரின் வரைபடத்திலோ அந்த வாய்க்கால்மேல் பாதை. “என் கரும்பு காஞ்சிடுங்க” என்றேன்.

தரகர் சிரித்தார்: “ரோடு போட்டா மழைத்தண்ணி அதுமேலயே ஓடியாரும், பெருசு!”

கூட்டாளியின் யோசனை

கடப்பாரையைக் கீழே போட்டேன். என்னோடு கல் நடும் முனுசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“நீ நடலன்னா நான் நடணும்ணா. நான் நட்டா ஆயுசுக்கும் எங்கிட்ட பேச மாட்ட. அதுக்கு நீயே நட்டுடு.”

மனு

எல்லாக் கல்லையும் நட்டுவிட்டு, மறுநாளே வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். அங்கிருந்த அதிகாரி அம்மா என்னை நாற்காலியில் உட்காரவைத்து, நான் சொல்லச் சொல்லத் தானே எழுதினார். விளைநிலம் மனையாக அந்த ஆபீசின் சம்மதம் வேண்டும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கல் நட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

“நட்டதும் நீங்க, புகார் குடுக்கறதும் நீங்களா? நல்லாருக்குங்க அய்யா!”

மறுதாம்பு

நேரில் பார்க்கிறேன் என்று சொன்னபடி, ஒரு மாதம் கழித்து அவர் வயலுக்கே வந்தார். மூன்று வருஷமாகத் தரிசு என்று தரகர் எழுதிக் கொடுத்திருந்தார். கல் நடும் அவசரத்தில் கரும்புக் கட்டையைத் தோண்டி எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. இடையில் பெய்த மழையில், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பி, கல்லுக்குக் கல் முழங்கால் உயரம் நின்றது.

“அது தானா மொளைச்சதுங்க மேடம்” என்றார் தரகர்.

அம்மா ஒரு தோகையைத் தடவிப் பார்த்தார்: “தானாவே இப்படி மொளைக்கிற மண்ணைப் போயா தரிசுன்றீங்க?”

கல் பிடுங்கிய நாள்

சம்மதம் கிடைக்கவில்லை. கல்லைப் பிடுங்கவும் எங்களையே கூப்பிட்டார்கள். நட்டதைவிட வேகமாகப் பிடுங்கினேன். ஏழுமலை வந்து நின்று பார்த்தான். பிறகு மண்வெட்டியால் மடையைத் திறந்துவிட்டான். நான் நாலடி தூரத்தில் நிற்க, அவன் முனுசாமியிடம் சொன்னான்: “தண்ணி வுட்டுக்கீறேன். கீழ வரப்பு ஒடைஞ்சிகீதாம், கட்டிக்கச் சொல்லு.”

“கட்டிக்கிறேன்னு சொல்லு” என்றேன், நானும் முனுசாமியிடமே.

முனுசாமி கடப்பாரையைத் தோளில் தூக்கினான்: “எல்லாக் கல்லையும் புடுங்கிட்டு என்னை மட்டும் இன்னாத்துக்கு நடுவுல நட்டு வெச்சிக்கீறீங்க?”

என் கரும்பு இன்று இடுப்பளவு நிற்பது அந்த அம்மாவாலும் சட்டத்தாலும்தான் என்று யாரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வேன்; ஏழுமலையாலும்தான் என்று யாராவது சொன்னால், காது கேட்காதவன்போல் நடந்துவிடுவேன்.