நன்றிப் பக்கம் இல்லாத முதல் நாவல்

அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டிராம்பேயில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் கிளார்க் வேலை. காலை ஷிப்டு என்பதால் பிற்பகலிலேயே பஸ் பிடித்துத் தாராவிக்குத் திரும்பிவிடுவேன். திரும்பி என்ன பயன்? நாங்கள் தங்கியிருந்தது, பம்பாயில் ‘கோலி’ என்று சொல்கிற ஒற்றை அறை. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் பலர் முறைவைத்துத் தூங்கி எழும் இடம் அது. நான் போகும் நேரத்தில் ராத்திரி ஷிப்டுக்காரர்கள் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். காகிதம் சரசரத்தாலே வசவு விழும். இந்த லட்சணத்தில் எனக்கு நாவல் எழுதும் ஆசை வந்திருந்தது.

அந்த ஆசைக்கு இடம் கொடுத்தவர், நான் சாப்பிட்ட மெஸ்ஸின் முதலாளி. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்து சாயங்கால டீக்கு அடுப்பு மூட்டும்வரை மெஸ் காலியாக இருக்கும். கழுவிவிட்ட ஈரம் காயாத தரையில் நான் ஒரு மூலை மேஜையைப் பிடித்துக்கொள்வேன். முதல் நாள் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். கதை என்றேன். “எழுது, எழுது. ஆனா மேஜையில மை சிந்தாதே” என்றார். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

போகப் போக அவரும் எதிரே வந்து உட்கார ஆரம்பித்தார். எழுதி முடித்த தாள்களை எடுத்து, உதட்டை அசைத்து, எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஒரு பக்கம் முடிக்க வெகுநேரம் ஆகும். பாராட்டு ஏதாவது வருமா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவரோ, “இந்த மருமவ எதுக்கு இவ்வளவு நேரம் பேசுதா? அடுப்புல சோறு கொதிக்குல்லா” என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மறுநாள் மருமகளின் பேச்சைக் குறைத்திருப்பேன்.

அந்த வருஷ மழையில் ஒரு நாள் தாராவிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நான் டிராம்பேயில் மாட்டிக்கொண்டேன். எழுதிய தாள்களை எல்லாம் மெஸ்ஸில்தான் வைத்திருந்தேன். பஸ் கிடைக்காமல், பாதி வழி முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து சேர்ந்தபோது அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். பெஞ்சுமேல் தூக்கி வைத்திருந்த அரிசி மூட்டையின் அடிப்பாகம் ஊறிக் கறுத்திருந்தது. அரிசி கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. என் தாள்கட்டு மட்டும் பரணில், சாக்கில் சுற்றி, சொட்டு ஈரம் படாமல் இருந்தது.

“அரிசியை முதல்ல தூக்கியிருக்கலாமே அண்ணாச்சி” என்றேன்.

“அரிசி நனைஞ்சா கழுவிக்கிடலாம் தம்பி. ஒன் எழுத்து நனைஞ்சா என்னத்தக் கழுவ?” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க வாளியை வாங்கி நானும் தண்ணீர் இறைத்தேன்.

நாவல் முடிந்தது. சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் போட ஒப்புக்கொண்டது. நம் பெயரும் அச்சில் வரப்போகிறது என்ற தலைக்கனத்தில் கொஞ்ச நாள் தரையில் நடக்கவில்லை நான். அந்த நிலையிலும் ஒரு நல்ல காரியம் செய்தேன். ‘நன்றி’ என்று தலைப்பிட்டுத் தனியாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அண்ணாச்சி பெயரும், மேஜையும், மழையும் எல்லாம் இருந்தன. அவரிடமும் சொன்னேன்.

“அட, எனக்கெதுக்கு?” என்று உள்ளே போய்விட்டார். மறுநாள் சாம்பார் ஊற்றும்போது என் காதருகே குனிந்து, “ஊர் பேரும் சேத்தா போட்டிருக்கு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு எனக்கு அப்பளம் கூடுதலாக விழுந்தது.

அதன் பிறகு அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட வருகிற எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஊர்க் கோயில் கொடை விழாவுக்குப் போகும்போது புத்தகத்தைக் கொண்டுபோய் மைத்துனரிடம் காட்டப்போவதாகச் சொன்னார். இவர் பம்பாயில் சோறு வடித்துப் போடுகிறார் என்று அந்த மைத்துனர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பவராம். அதை அண்ணாச்சி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எத்தனை வருஷமாக அது உள்ளே குத்திக்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

கோலியில் தபால் தங்காது என்பதால் என் தபால் எல்லாம் மெஸ் விலாசத்துக்கே வரும். புத்தகப் பார்சலும் அங்கேதான் வந்தது. நான் வரும்வரை அண்ணாச்சி அதைப் பிரிக்கவில்லை. முருகன் படத்துக்கு முன்னால் வைத்துப் பூ வைத்திருந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானக் கூட்டம் நிறைந்திருக்கும்போது பிரிப்பது என்று அவரே முடிவு செய்தார். எல்லோருக்கும் கேசரி வேறு கிண்டியிருந்தார்.

சூடம் காட்டிவிட்டுப் பார்சலைப் பிரித்தோம். முதல் புத்தகத்தை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன். கையைக் கழுவி, துண்டில் துடைத்து, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் இன்னொரு புத்தகத்தை எடுத்து அட்டையில் என் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பசை வாசனை இன்னும் போகவில்லை. அந்தச் சில நிமிஷம் உலகத்தில் எனக்கு வேறு யாரும் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நிமிர்ந்தபோது அண்ணாச்சி முன்பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் படித்தார். புத்தகத்தின் பெயர், விலை, அச்சகத்தின் விலாசம், அட்டைப்படம் வரைந்தவர் பெயர் எல்லாம் இருந்தன. அடுத்த தாளில் முதல் அத்தியாயம் தொடங்கிவிட்டது. கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தார். மறுபடி முன்னால் வந்தார். என் கையில் இருந்ததைப் புரட்டினேன். அதிலும் நன்றிப் பக்கம் இல்லை.

தையற்கடைக்காரர் ஒருவர் இலையிலிருந்தே குரல் கொடுத்தார். “அண்ணாச்சி, ஒங்க பேரு வந்த எடத்தச் சத்தமா வாசிங்க, கேப்போம்.”

மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி புத்தகத்தை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எம்பேரா? அது நாந்தான் வேண்டாம்னுட்டேன்” என்றார். “பிள்ளை கஷ்டப்பட்டு எழுதியிருக்கான். அவன் பேரு மட்டும் இருக்கட்டும். சோறு போடுதவனுக்கு என்னத்துக்குப் பேரு?”

“போன வாரம் வேற மாரிச் சொன்னீங்க?”

“அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். கேசரி ஆறுது, வாங்கிக்கிடுங்க.”

பெரிய மனசு என்று நாலு பேர் சொன்னார்கள். ஒருவர் எழுந்து வந்து என் முதுகைத் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். ‘இல்லை, நான் எழுதிக் கொடுத்தேன், பதிப்பகத்தார் விட்டுவிட்டார்கள்’ என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அவரைப் பொய்யராக்கக் கூடாது என்பதற்காகத்தான் சும்மா இருந்தேன் என்று பிறகு பல காலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. என் முதல் புத்தகம் வந்த நாள் ஒரு புகாரோடு ஆரம்பிக்க வேண்டாம் என்று தோன்றிவிட்டது. எல்லோரும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் கலைந்தபின் அடுப்படிக்குப் போய், “அண்ணாச்சி, சத்தியமா எழுதிக் கொடுத்தேன்” என்றேன்.

“தெரியும் தம்பி. நீ எழுதாம இருப்பியா?” என்றார். அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

அவருடைய பிரதியில் என் கையாலேயே அந்தப் பக்கத்தை எழுதித் தருவதாகச் சொன்னேன்.

“கையால எழுதினா அது கடுதாசி. அத என் மச்சினன்ட்ட காட்ட முடியுமா? விடு.”

பதிப்பகத்தைக் கேட்டேன். பதினாறு பக்கம் ஒரு பாரமாக அச்சிடுகிறார்களாம். நாவல் கடைசிப் பாரத்தைச் சரியாக நிரப்பிவிட்டதால், இந்த ஒரு பக்கத்துக்காகப் புதிதாக இன்னொரு பாரம் ஏற்ற முடியாதாம். நன்றியை நேரிலேயே சொல்லிக்கொள்ளலாமே என்று பதில் எழுதியவர் ஒரு யோசனை வேறு சொன்னார். அந்தப் புண்ணியவானை இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

சில வருஷம் கழித்து அந்த நாவலுக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. அப்போது நான் செம்பூரில் குடும்பத்தோடு இருந்தேன். சேதி தெரிந்ததும் தாராவிக்கு ஓடினேன். இந்த முறை நன்றிப் பக்கம் இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம் என்று பதிப்பகத்திடம் கறாராகச் சொல்லியிருந்தேன். அண்ணாச்சிக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அப்புறம் மெல்லத் தலையை ஆட்டினார்.

“வேண்டாம் தம்பி. அன்னைக்கு அத்தன பேரு முன்னால நாந்தான் வேண்டாம்னேன்னு சொல்லியாச்சு. ஊர்ல மச்சினன்ட்டயும் அதத்தான் சொன்னேன். அவன் மொத மொதலா என்ன மதிச்சதே அதுக்குத்தான். இப்பப் பேரு வந்தா, அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஆயிராதா?”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சிரித்தார், டீ கொடுத்தார், மசியவில்லை. இரண்டாம் பதிப்பும் அவர் பெயர் இல்லாமலே வந்தது.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இதை எழுதும்போதுகூடக் கை தன்னால் அவர் பெயரை எழுதிவிட்டது, பிறகு அடித்தேன். அன்றைக்கு அந்தக் கேசரி வாசனையில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் ஆசைப்பட்டபடி இரண்டாம் பதிப்பிலாவது அவர் பெயர் இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதால், எனக்காக அவர் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றுவது ஒன்றுதான் அவருக்கு நான் செலுத்த முடிந்த நன்றி என்று ஆகிவிட்டது.