கோதோடு வைத்த கச்சான்

“வாசிக்கத் தெரிஞ்ச எல்லாருக்கும் சட்டம் விளங்காது, தங்கச்சி.”

சொன்னவர் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அபிவிருத்தி அதிகாரசபை உத்தியோகத்தர். சொன்ன இடம், உடையார்கட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கச்சான் நிலையம். கேட்டுக்கொண்டு நின்றது மாதர் சங்கம் முழுதும். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

விளங்காததால்தானே கேட்டேன்? விளங்காததைக் கேட்கத்தானே என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள்?

அம்மாவும் அப்பாவும் மலையகத்தில் இருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாய்ப் பார்த்து, பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கம் வேண்டுமென்றால் இந்தப் பத்திரிகையில் பக்கத்துப் பத்தியை வாசியுங்கள்.

நான் கேட்டது ஒரு கேள்விதான். அதிகாரசபையின் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள். புதிய சட்டமூலம் இணையத்தில் கிடந்தது. போனில் இறக்கி, குசினிக் கதிரையில் இருந்து வாசித்தேன். “பயன்படாத கட்டடங்களை அதிகாரசபை தானே தீர்மானித்துக் குத்தகைக்கு விடலாம்” என்று ஒரு வாசகம். அதற்கு முதல் கிழமைதான் வெளியூர்க் கம்பனி ஒன்று வந்து எங்கள் நிலையத்தை அளவு நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தது.

“சேர், பயன்படுதா இல்லையா எண்டு ஆர் முடிவெடுக்கிறது?”

அதற்குத்தான் அந்தப் பதில்.

சரி, நிலையத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நிலக்கடலைதான் எங்களுக்குக் கச்சான்; அதன் ஓடு கோது. கோது உடைக்கவும் வறுக்கவும் என்று எங்கள் பெண்களுக்காக அதிகாரசபை கட்டியது. திறப்பு விழாவுக்கு ட்ரக்டரில் ஜெனரேற்றர் வந்தது. ரிபன் வெட்டினார்கள். மெஷின் சுற்றியது. கைதட்டினோம். பின்னேரம் ஜெனரேற்றர் மறுபடி ட்ரக்டரில் ஏறிப் போனது... போனதுதான். மெஷினுக்கு வேண்டிய மும்முனை மின்சாரம் இன்று வரை வரவில்லை. அந்தப் பளபளப்பான மெஷினுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து இருந்து, பெண்கள் கையால்தான் கோது உடைக்கிறார்கள். அம்மாவின் பெருவிரல் நகம் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

இதை ஏன் ஒருவரும் மேலிடத்துக்குச் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. பதில்தான் வெட்கம்.

வருடா வருடம் யாராவது பார்க்க வருவார்கள். வருவதற்கு முதல் போன் வரும் — “வழமைபோல செய்யுங்கோ.” வழமை என்றால்? வாசலில் வாழை கட்டுவோம். கும்பம் வைப்போம். வீட்டில் மணல் போட்டு வறுத்த கச்சானைத் தட்டுத் தட்டாய்க் கொண்டுவந்து மெஷினுக்கு முன்னால் அடுக்குவோம். வந்தவர்கள் கொறிப்பார்கள். “மெஷின் ஓடேல்லையோ?” என்று யாராவது கேட்டால், “இப்பதான் நிப்பாட்டினது சேர், சூடா இருக்கு!” என்போம். படம் எடுப்பார்கள். போவார்கள். அறிக்கையில் எழுதுவார்கள் — சிறப்பாக இயங்குகிறது.

எங்களை யாரும் மிரட்டிச் செய்விக்கவில்லை. வந்தவர் முகம் கோணக்கூடாது, அவ்வளவுதான். யுத்தம் முடிந்த பிறகு இந்த மண்ணுக்கு எத்தனை வாகனம் வந்தது! கூரைக்குத் தகரம் தந்தவர்களுக்கும் கும்பம் வைத்தோம், தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களுக்கும் கும்பம் வைத்தோம். குறை சொன்னால் அடுத்த வாகனம் வராது என்று பயம். பயத்துக்கு நாங்கள் வைத்த பெயர் விருந்தோம்பல்.

விளைவு? அறிக்கையில் நாங்கள் வெற்றி. வெற்றிக்கு எதற்கு மின்சாரம்? குத்தகைப் பேச்சில் மட்டும் நாங்கள் ‘பயன்படாத கட்டடம்’.

போன கிழமை மறுபடி போன் வந்தது. பாராளுமன்றத்தில் இருந்து மேற்பார்வைக் குழுவே வருகிறதாம். திருத்தச் சட்டத்துக்கு முதல் நேரில் பார்க்க. அதே உத்தியோகத்தர், அதே வசனம் — வழமைபோல செய்யுங்கோ.

நிலையத்தில் கூடினோம். நான் சொன்னேன்: “இந்தமுறை வறுக்க வேண்டாம்.”

சங்கத் தலைவி சரசக்கா இடுப்பில் கையை வைத்தா. “என்ன கதை பிள்ளை இது? அவ்வளவு தூரத்தில இருந்து வாற சனத்தை வெறும் வாயோட அனுப்பிறதோ? நாளைக்கு எங்கட மானம்?”

“மெஷின் ஓடுது எண்டு பொய் சொல்லேக்க போகாத மானமோ அக்கா?”

“உவள் கம்பஸ் போய் வந்ததில இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கவும் நியாயம் கேக்கிறாள்!” என்றது பின்னால் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அம்மா சிரிக்கவில்லை. “நமக்கு ஏன் புள்ள வம்பு? இருக்கிற இடத்தையும் புடுங்கிட்டா எங்க போயி உக்காருறது?”

“அம்மா, பேசாம இருந்தாலும் புடுங்கத்தான் போறாங்க. நாடா புடிச்சு அளந்ததை நீங்களும்தானே பாத்தீங்க?”

அம்மா மடியில் கிடந்த கச்சானை உடைத்துக்கொண்டே இருந்தா.

கொஞ்ச நேரம் ஒரே சத்தம். சண்டை என்றே சொல்லலாம். கடைசியில் சரசக்கா கையை உயர்த்தினா. “சரி. விருந்து குடுக்கத்தான் வேணும். அதில மாத்தமில்லை. ஆனா வறுக்க வேண்டாம். அவிப்பம். கோதோட வைப்பம். உடைச்சுச் சாப்பிடட்டுமன்!”

பெரிய பானையைத் தேடி நான்தான் முதலில் எழும்பினேன்.

குழு வந்தது. வாழை இருந்தது, கும்பம் இருந்தது. மேசையில் உப்புப் போட்டு அவித்த கச்சான், ஆவி பறக்க, முழுக் கோதோடு. உத்தியோகத்தரின் முகம் மட்டும் கோணியது.

குழுத் தலைவர் ஒரு கச்சானை எடுத்தார். அமத்தினார். ஈரக் கோது வழுக்கியது. பல்லால் கடித்தார். தண்ணீர் சட்டையில் தெறித்தது. சிரித்துக்கொண்டே சிங்களத்தில் ஏதோ கேட்டார். கூட வந்தவர் மொழிபெயர்த்தார்: “கோது உடைக்கிற மெஷின் இருக்கிற இடத்தில ஏன் கோதோட தாறீங்க எண்டு கேக்கிறார்.”

“போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ,” என்றேன்.

அவரே எழும்பிப் போய் சுவிட்சை அமத்தினார். டிக். மறுபடியும் டிக். அந்தச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

“மின்சாரம் சம்பந்தமா நடவடிக்கை எடுத்துக்கொண்டிருக்கிறம்...” உத்தியோகத்தர் தொடங்கினார்.

“இல்லை சேர்,” என்றா சரசக்கா. “இது திறந்த நாளில இருந்தே இப்பிடித்தான். நாங்களும் சேந்துதான் மறைச்சனாங்கள்.”

அதன் பிறகு நான் பேசினேன். கூட வந்தவர் வரிக்கு வரி மொழிபெயர்த்தார். புதிய சட்டத்தில் அதிகாரசபை ஆண்டுதோறும் பாராளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்று இருக்கிறது. நல்லது. ஆனால் அந்த அறிக்கையை எழுதுவது யார்? அதே அதிகாரசபை. பரீட்சை எழுதிய பிள்ளையிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பீர்களா? பார்க்க வருவதென்றால் சொல்லாமல் வாருங்கள். கட்டடத்தைப் பாவிக்கும் சனம் என்ன சொல்கிறது என்பதையும் அந்த அறிக்கையில் சேருங்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் இடத்தைக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்ற வாசகத்தை எடுங்கள்.

இவ்வளவுதான். சட்டப் படிப்பு ஒன்றும் தேவைப்படவில்லை.

தலைவர் இன்னொரு கச்சானை எடுத்து, இந்தமுறை சரியாக உடைத்தார். பிறகு மொழிபெயர்த்தவர் மூலமாகக் கேட்டார்: “இதைக் கொழும்புக்கு வந்து, முழுக் குழுவுக்கும் முன்னால சொல்லுவீங்களா?”

வாகனங்கள் போன பிறகு உத்தியோகத்தர் என்னிடம் வந்தார். “எங்களை அவமானப்படுத்திப் போட்டியள் தங்கச்சி. கொழும்பில உங்கட கதையை ஆர் கேக்கப்போயினம்?”

ஒருவேளை அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். வாசகம் மாறாமலே போகலாம். கம்பனி மறுபடி நாடாவோடு வரலாம். ஆனால் ஒன்று சொல்கிறேன் — மேற்பார்வை என்பது மேலே இருந்து பார்ப்பது மட்டுமில்லை. கீழே இருப்பவர்கள் மறைக்காமல் காட்டவும் வேண்டும். காட்டாமல் விட்டதில் எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை நாங்கள் திருத்தியாயிற்று. அவர்களின் பங்கை அவர்கள் திருத்தட்டும். இல்லாவிட்டால்? ஏன் திருத்தவில்லை என்று மறுபடி போய்க் கேட்பேன். கேட்பது எனக்கு அலுக்காது.

கொழும்பில் தமிழில்தான் பேசுவேன். மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்வது அவர்கள் வேலை.

பஸ்ஸுக்கு இரண்டு சீட் போட்டுவிட்டேன். ஒன்று எனக்கு. மற்றது, வம்பு வேண்டாம் என்ற அம்மாவுக்கு. சீட் போட்டதைச் சொன்னதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “சன்னல் பக்கம் எடுத்தியா புள்ள?”

எடுத்திருக்கிறேன். இதை நீங்கள் வாசிக்கும்போது பஸ் வவுனியா தாண்டியிருக்கும். சரசக்கா கட்டித் தந்த பார்சல் அம்மாவின் மடியில் — அவித்த கச்சான், கோதோடுதான்.