தட்டியை நகர்த்திய சாயங்காலம்

1. கேட்

"உள்ள எடமில்ல. கேட்டச் சாத்து" என்றார் முதலாளி. வெளியே முப்பது பெண்களுக்குக் குறையாமல் நின்றிருந்தார்கள். டூரிங் டாக்கீஸில் பெண்கள் கேட்டுக்கு நான் வேலைக்கு வந்து அன்று பன்னிரண்டாவது நாள். ஐம்பதுகளின் நடுவில், போடியில். எனக்குப் பத்தொன்பது வயது.

போனில் டிக்கெட் எடுக்கிற பிள்ளைகளுக்கு டெண்டுக் கொட்டகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேலே கித்தான், கீழே மணல். ஒரே புரொஜக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. தரை டிக்கெட்டில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு மண்ணை அணைத்து, அதில் கம்பு ஊன்றித் தென்னந்தட்டி கட்டியிருப்பார்கள். சரிபாதி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்களுக்கு. மிச்சம் பெண்களுக்கும் அவர்கள் இடுப்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும்.

பெண்கள் கேட்டில் ஆண் நின்று டிக்கெட் கிழித்தால் வம்பு வரும் என்று என்னை எடுத்திருந்தார்கள். அதுவரை ஏலக்காய் சேமிக்கும் கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நான். குனிந்தே இருந்த முதுகு நிமிர்ந்ததில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்திருந்தது.

2. அழுமூஞ்சிப் படம்

அந்த வாரம் ஓடிய படத்தில் சண்டையில்லை, டான்ஸில்லை. வயதுக்கு வந்த ஒரு பெண், அவள் அம்மா, அவளுடைய அத்தை. படம் முழுக்க இந்த மூன்று பேர்தான். அம்மா கட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள், அத்தை கூடாது என்கிறாள், நடுவில் அந்தப் பெண் மெல்ல மெல்லப் பெரியவளாகிறாள். ஆண்கள் இரண்டே நாளில் 'அழுமூஞ்சிப் படம்' என்று பெயர் வைத்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டார்கள். அதனால் மறுநாள் காலை பஸ்ஸில் படப்பெட்டியை அனுப்புவதென்று முடிவாகிவிட்டது.

ஆனால் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவர்கள் வாய் சும்மா இருக்குமா? சேதி மலையேறிவிட்டது. கடைசி நாளன்று சந்தை. போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறவர்கள் லாரி பிடித்து இறங்கிவிட்டார்கள்.

கேட்டுக்கு வெளியே நின்ற கூட்டத்தில் முன்னால் இருந்தவள் ராக்காயி. ஐம்பதைத் தாண்டியவள், காதில் தண்டட்டி. பக்கத்தில் அவள் தம்பி பெண்டாட்டி வேலம்மா. வேலம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி அவள் மகள் செல்லக்கிளி, பதினாலு வயது.

"எடமில்லக்கா" என்றேன்.

"எடமில்லன்னா எப்புடித்தா? விடியமுன்ன லாரி ஏறணும். நாளைக்குப் பெட்டி போயிருமாம்ல. இந்தப் புள்ளைக்கு மாப்ள வந்திருக்கு. இவ குடுக்கணுங்கிறா, நான் இப்ப வேணாங்கிறேன். ஒரு மாசமா அடுப்படியில சண்ட. இதே கததான் படத்துலன்னு சொன்னாக. பாத்துட்டு முடிவு பண்ணுவோம்னு பேசி வந்திருக்கோம்."

வேலம்மா வெடுக்கென்று சொன்னாள்: "படத்துல அத்த சொல்றதுதான் சரின்னு வந்தா நான் ஒண்ணும் ஒத்துக்கிட மாட்டேன்."

"ஒத்துக்கிட வேணாம். உக்காந்து பாரு, போதும்" என்றாள் ராக்காயி.

செல்லக்கிளி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்ற நினைப்பே இல்லாதவள் போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. என்னையும் அதே வயதில் கேட்காமலேதான் பேசி முடித்தார்கள்.

3. முப்பது பேர், ஒரு மண்வெட்டி

உள்ளே எட்டிப் பார்த்தேன். பெண்கள் பக்கம் முழங்காலோடு முழங்கால் இடித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் பதினைந்து ஆண்கள் இருந்தால் அதிகம். அதில் நாலு பேர் துண்டை விரித்துப் படுத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, புரொஜக்டருக்குக் கரண்ட் கொடுக்கிற இன்ஜின் மக்கர் பண்ணியது. முதலாளியும் ஆபரேட்டரும் பின்னால் இன்ஜின் கொட்டகைக்கு ஓடினார்கள். உள்ளே பெட்ரோமாக்ஸ் மட்டும் எரிந்தது. இந்த வேலை போனால் மறுபடி கிட்டங்கிதான் என்று தெரியும். இருந்தும் கேட்டைத் திறந்தேன்.

"அக்கா, மண்ணு அள்ளத் தெரியும்ல?"

ராக்காயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் சோலியே அதுதானத்தா. மம்பட்டியக் கொண்டா."

கொட்டகையில் ஒரே ஒரு மண்வெட்டிதான் இருந்தது. அது ராக்காயிக்கு. தீப்பிடித்தால் அணைக்க மணல் நிரப்பி வைத்திருந்த சிவப்பு வாளிகளைக் கவிழ்த்து மற்றவர்களுக்குக் கொடுத்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களும் பிள்ளைகளை இறக்கிவிட்டு எழுந்து வந்தார்கள். இரண்டு பேர் கம்பைப் பிடுங்க, நாலு பேர் தட்டியைச் சாயாமல் தூக்க, மற்றவர்கள் மண்ணை அள்ளி அந்தப் பக்கம் கொட்டி மிதித்தார்கள். சரிவில் நின்று வேலை செய்து பழகிய கைகளுக்கு அந்தச் சமதரை விளையாட்டு.

படுத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து, "ஏத்தா, எங்க எடத்தையா புடிக்கிறீக?" என்றார்.

"கால நீட்டிக் கெடக்கியே அப்பு. மடக்கி உக்காரு, எடம் தானா வரும்" என்றாள் ராக்காயி. அவர் மடக்கிக்கொண்டார்.

தட்டி இருபதடி நகர்ந்தது. வாளிகளில் மணலை நிரப்பிப் பழைய இடத்தில் வைத்தேன். இன்ஜின் பிடித்துக்கொண்டது. முப்பது பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

4. முதல் இடைவேளை

முதலாளி முதல் ரீல் முடிந்த பிறகுதான் பார்த்தார். தட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு சொல்லிச் செஞ்ச?"

"யாரும் சொல்லல. நாந்தான் செஞ்சேன்."

"நாளைக்குக் கத்திச்சண்டப் படம் வருது. ஆம்பளக் கூட்டம் நெரியும். ஆட்டத்துக்கு முன்ன இது பழைய எடத்துல இருக்கணும். இல்லாட்டி நீ இருக்க மாட்ட."

"இருக்கும் முதலாளி" என்றேன். தட்டி இருக்கும் என்றுதான் சொன்னேன், பழைய இடத்தில் என்று சொல்லவில்லை.

படம் விட்டு வெளியே வரும்போது ராக்காயியும் வேலம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். படத்தில் அம்மா செய்ததுதான் சரி என்று வேலம்மாவும், அத்தை செய்ததுதான் சரி என்று ராக்காயியும். கேட்டருகே வந்ததும் செல்லக்கிளி நின்றுவிட்டாள்.

"எனக்கு இன்னும் ரெண்டு வருசம் வேணும்" என்றாள்.

வேலம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சரி, நட. அப்பங்கிட்ட நானே சொல்றேன்" என்றாள். ராக்காயி ஜெயித்த முகத்தைக் காட்டாமல் இருக்கப் படாதபாடு பட்டாள்.

5. மறுநாள்

காலையில் போய்த் தனியாளாகத் தட்டியைத் திருப்பி நட்டேன். மதியம் ஆகிவிட்டது. பழைய கம்புக் குழிகளை முதலில் அடையாளம் தெரியாமல் மூடி மிதித்துவிட்டு, ஆண்கள் பக்கமாக மூன்று முழம் தள்ளி நட்டேன். முதலாளி வந்து பார்த்து, "ம்" என்றார்.

அங்கே ஏழு வருஷம் வேலை பார்த்தேன். மழையில் அழுகித் தட்டி மாற்றும்போதெல்லாம் ஒரு சாண், இரண்டு சாண் நகர்த்தினேன். முதலாளியிடம் ஒரு தடவைகூட அனுமதி கேட்டதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். கொட்டகையைப் பிரித்த அன்று ஆசைக்குக் காலால் அளந்து பார்த்தேன். ஆண்கள் பக்கத்தைவிடப் பெண்கள் பக்கம் ஒரு அடி கூடுதலாகவே இருந்தது.