சனிக்கோளுக்கு அப்பால், நாயுடுபுரம்

வெள்ளிக்கிழமை காலை. மதுரையில் ஏறிய பேருந்து வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறத் தொடங்கியதும் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். விண்வெளியை நினைத்து இரண்டு வருடமாக நான் செய்துவரும் இசைத்தொகுப்பு அதில் ஓடியது. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது; சிந்தசைசர் ஒலிகள் மெல்ல விரிந்து மெல்ல அடங்கும். சனிக்கோளைக் கடந்துபோகும் கடைசிப் பகுதியில் மட்டும் ஒரு பெண் குரல் வரும். கல்லூரித் தோழி பர்வீன் முன்பு சொற்களின்றிப் பாடித் தந்தது. பிறகு தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்து, பாடுவதையே விட்டுவிட்டாள். அந்தக் குரலை வெளியிடலாமா என்று அவளிடம் போனில் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பெருமாள்மலைக்கு மேல் மேகம் சாலையில் இறங்கியிருந்தது. மரமில்லை, பள்ளமில்லை, ஜன்னல் முழுக்க வெள்ளை. பேருந்து நகர்கிறதா, மிதக்கிறதா என்றே தெரியவில்லை. செண்பகனூரில் இறங்க வேண்டிய பக்கத்து இருக்கை அம்மா, என்ன கேட்கிறேன் என்று விசாரித்தார். அவர் காதில் மாட்டிவிட்டேன். இரண்டு வளைவுகள் வரை கண்மூடியிருந்தார்.

"நல்லாத்தான் கெடக்கு. பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

மதியம் கொடைக்கானல், நாயுடுபுரம். பர்வீனும் கணவரும் அங்கே சாக்லேட் கடை வைத்திருக்கிறார்கள், வீடு பின்புறம். "வெள்ளனே வருவேன்னு பாத்தேன். வெரசா கையக் கழுவு, சோறு ஆறுது," என்றாள். குரல் கரகரத்திருந்தது.

சாப்பிட்டதும் கொல்லைப்பக்கம் உட்கார்ந்தோம். மேகம் வேலியைத் தாண்டி எங்கள் கால்வரை வந்தது. கடைசிப் பகுதியைக் கேட்கக் கொடுத்தேன். முடிந்த பிறகும் அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை.

"நல்லா பாடியிருக்கால்ல?" என்றாள், வேறு யாரையோ சொல்வதுபோல.

"வேணாம்னா எடுத்துடுறேன்டி."

"எடுக்காத. ஆனா அம்புட்டு தூரம் அவளத் தனியா அனுப்பாத. இப்ப உள்ள கொரலையும் கூட வை."

ரெக்கார்டரை நீட்டினேன். முனகலாகத் தொடங்கினாள். மேலே ஏறும்போது குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. இருமினாள், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். கணவர் வாசலில் வந்து நின்றார். கடையில் ஆள் கூப்பிட்டும் போகவில்லை.

ஞாயிறு மாலை, மதுரை. கொடைக்கானலில் மூச்சுக்கூடக் கேட்டது. இங்கே தெரு இரைச்சலுக்கு ஜன்னலைச் சாத்தி, வியர்க்க வியர்க்க இரண்டு குரல்களையும் சேர்த்தேன். ஒன்று உயரே மிதக்க, மற்றது உடைந்து உடைந்து கூடவே போனது. பர்வீனுக்கு அனுப்பினேன்.

சற்று நேரத்தில் போன் செய்தாள். "நடுவுல ஒரு எடத்துல சுதி எறங்குதுடி. அத அப்படியே விட்றாத. நான் திரும்பப் பாடணும்."